சபையின் தருமப் பணம் யாருக்குப் போக வேண்டும்? சிறிய ஊர்ச் சபைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து டவுன்களில் இருக்கும் சிறிய தமிழ்ச் சபைகளுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனைக்கு நூறு, நூற்றைம்பது பேர் வருவார்கள். அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வருடத்துக்கு ஒரு தொகையை ஏதாவது இல்லத்துக்கோ சங்கத்துக்கோ கொடுக்க எல்லாருக்கும் ஆசை. யாருக்கு என்று கேட்டால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: பெயர்கள் முந்திக்கொண்டு வந்துவிடும். ஒருவர் ஏதோ ஒரு ஹோமின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இன்னொருவர் மச்சான் நடத்தும் சங்கத்தைச் சொல்வார். அப்புறம் அந்தப் பெயர்களுக்கு ஏற்றபடி பணமும் காரணமும் தேடப்படும். அதனால் இங்கே பணம், ஆள், தேவை, விதி ஆகிய நான்கும் முடிவான பிறகுதான் பெயர் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன்

சபையின் கடந்த மூன்று வருடக் கணக்கு, உங்கள் தலைமைச் சபையின் விதிமுறை, ஒரு தனி மினிட் புத்தகம் ஆகியவை வேண்டும். மெதடிஸ்டோ லூத்தரனோ கத்தோலிக்கமோ, வெளியே கொடுக்கும் பணத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று மேலிடத்தில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கும். அதைப் படிக்காமல் முடிவெடுத்துவிட்டு, பிறகு செக்கில் கையெழுத்து வாங்க அலைகிறவர்கள் உண்டு.

காலத்தையும் கவனியுங்கள். ஜூலையில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியுங்கள். நிறைய சங்கங்கள் டிசம்பரோடு கணக்கை முடிக்கின்றன. தணிக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் முடிந்து அறிக்கை கைக்கு வர வருடத்தின் நடுப்பகுதி ஆகிவிடும். ஜனவரியில் கேட்டால் பழைய கணக்கைத்தான் நீட்டுவார்கள். டிசம்பர் வரை இழுத்தாலோ, கிறிஸ்துமஸ் நேரத்து இளகிய மனசு முடிவை எடுத்துவிடும்.

1. மூன்று பைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

சபைக்குள்ளேயே கஷ்டப்படும் குடும்பத்துக்குக் கொடுப்பது ஒரு பை. சுவிசேஷ ஊழியத்துக்கு அனுப்புவது இன்னொன்று. வெளியே உள்ள தரும அமைப்புக்குக் கொடுப்பது மூன்றாவது. பணப்புத்தகத்தில் மூன்றுக்கும் தனித் தலைப்பு போடுங்கள்.

ஒரே பையில் இருந்தால் என்ன ஆகும்? கண்ணெதிரே ஒரு சகோதரியின் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், இல்லத்துக்கு வைத்த பணம் அங்கே போகும். போக வேண்டியதுதான், ஆனால் வேறு பையிலிருந்து. இல்லையென்றால் வருடக் கடைசியில் இல்லத்துக்குச் சொன்ன வாக்கு பொய்யாகிவிடும்.

2. தொகையை எழுதிவிடுங்கள்

மாதக் காணிக்கையில் இத்தனை சதவீதம் என்றோ, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருவது முழுவதும் என்றோ ஒன்றைத் தீர்மானியுங்கள். ஏலப் பணம் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பி மாதாமாதம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கு வருடத்துக்கு 24,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதத்தை, அதாவது 2,400 வெள்ளியை, வெள்ளம், தீ மாதிரியான அவசரத்துக்கு ஒதுக்கினால் மீதி 21,600. மூன்று அமைப்புகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் மாதம் 600 வெள்ளி. பகுதிநேரப் பராமரிப்பாளர் ஒருவரின் சம்பளத்துக்கோ ஒரு வேன் டீசலுக்கோ நிஜமாகவே உதவும். இருபது அமைப்புகளுக்குப் பிரித்தால் மாதம் 90. இருபது நன்றிக் கடிதங்கள் வரும், அவ்வளவுதான். இருபதையும் சரிபார்க்க உங்களிடம் ஆளும் இல்லை. இரண்டோ மூன்றோ போதும் என்பது என் கருத்து. இதற்கு எதிர்ப்பு வரும், நின்று பேசுங்கள்.

3. ஐந்து பேர், அதில் போதகர் வேண்டாம்

மூப்பர்கள் மட்டுமே உட்கார்ந்த கமிட்டி சரிவராது. கணக்கு படிக்கத் தெரிந்த ஒருவர், ஆசிரியரோ தாதியோ ஒருவர், லயத்து வீடுகளையும் மலிவு விலை அடுக்குமாடிகளையும் உள்ளே போய்ப் பார்த்துப் பழகிய அக்கா ஒருவர், முப்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவர், செயற்குழுவிலிருந்து ஒருவர். இந்தக் கலவைக்குக் காரணம் இருக்கிறது. பலகை நாற்காலியில் உட்கார்ந்தபடி யாருக்கு என்ன தேவை என்று ஊகிக்கிறவர்களைவிட, யார் வீட்டில் அரிசிப் பானை காலி என்று தெரிந்தவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

போதகர் முடிவில் கலந்துகொள்ளாமல் இருப்பது அவருக்கே நல்லது. உதவி கேட்டு வருகிறவர்கள் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள், அவரால் முகத்தை முறிக்க முடியாது. "கமிட்டிதான் பார்க்கும் தம்பி" என்று சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டும். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளின் பந்தியைப் பற்றி முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அதைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்: எந்த அமைப்பில் நான் உறுப்பினர், எதில் என் உறவினர் வேலை செய்கிறார், எதற்கு என் கடையிலிருந்து சாமான் போகிறது. அந்த அமைப்பின் பெயர் வரும்போது அவர் வெளியே போய் டீ குடிக்கட்டும். சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான். சொந்தம் இருப்பது தப்பில்லை, சொல்லாமல் ஓட்டுப் போடுவதுதான் தப்பு.

4. ஊரைக் கேளுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், அரசாங்க கிளினிக் தாதி, டயாலிசிஸுக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர், மளிகைக்கடைக் கடன் புத்தகக்காரர் ஆகியோரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த ஊரில் யாருக்கும் கண்ணில் படாத கஷ்டம் எது?"

பதில்கள் நாம் எதிர்பார்த்த மாதிரி இருக்காது. அனாதை இல்லம் பற்றித்தான் சபையில் பேச்சு நடக்கும். ஊரில் கேட்டால், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் போக்குவரத்துக் காசு, பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் ஐசி (அடையாள அட்டை) கிடைக்காத பையன், தோட்டத்தை விட்டு வந்து தனியாக ஒற்றை அறையில் கிடக்கும் பழைய பால்மரத் தொழிலாளி, படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட பிள்ளைகள் என்று வரும்.

கேட்டதை எல்லாம் எழுதி, அதில் இரண்டு தேவைகளைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேவையில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று தேடுவது அதற்கப்புறம்தான். உதாரணமாக, குடியுரிமைப் பத்திரப் பிரச்சினையில் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற அமைப்பு பல காலமாக வேலை செய்கிறது. படிப்பை விட்ட இந்திய இளைஞர்களுக்குக் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் தொழிற்பயிற்சி தருகிறது. சலுகைக் கட்டண டயாலிசிஸ் மையங்களைத் தேசிய சிறுநீரக அறவாரியம் நடத்துகிறது. கிறிஸ்தவ அமைப்புகளில் 1979இல் தொடங்கிய மலேசியன் கேர், பல கத்தோலிக்கப் பங்குகளில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வின்சென்ட் தெ பவுல் சபை ஆகியவை உண்டு. இவர்களுக்குத்தான் கொடுங்கள் என்று சொல்லவில்லை. தேவை தெரிந்தால் தேடும் இடம் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

5. ஒரு பக்க விதி

ஒரே பக்கம். எந்தத் தேவைக்கு, எந்த எல்லைக்குள், எத்தனை அமைப்புகளுக்கு, எத்தனை வருடத்துக்கு, எதற்கெல்லாம் கிடையாது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம்: கட்சி சம்பந்தப்பட்ட சேவை மையம், தனியார் கணக்கில் வசூல், கட்டடக் கடன் ஆகியவற்றுக்கு இல்லை என்று எழுதிவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

கிறிஸ்தவ அமைப்புக்கு மட்டுமா, மற்றவர்களுக்குமா என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பெயர் வந்த பிறகு பேசினால் அது அந்த அமைப்பை அவமானப்படுத்தும் பேச்சாகிவிடும். என்னைக் கேட்டால், வேலை சுத்தமாக இருந்தால் யார் நடத்தினாலும் கொடுக்கலாம். உங்கள் சபை வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் எழுத்தில் இருக்கட்டும்.

கூடவே ஒரு சட்ட விஷயம். கூட்டரசு அரசியலமைப்பின் பிரிவு 11(4), முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. பேராக், சிலாங்கூர் உட்படப் பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. நம் தோட்டங்களில் பெரும்பாலும் முஸ்லிம்களான இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பொது இடத்தில் கொடுக்கும் உணவுப் பையில் கைப்பிரதி வைக்கக்கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள். நீங்கள் ஆதரிக்கும் அமைப்பும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். உள்ளே தள்ளி இருக்கும் தெமியார் பூர்வகுடிக் கிராமங்களில் வேலை செய்யும் அமைப்பு என்றால், பூர்வகுடி மேம்பாட்டு இலாகாவான ஜாக்கோவாவின் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

6. இப்போது பெயர்கள்

ஆறு அல்லது ஏழு பெயர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கப் படிவம் அனுப்புங்கள்: என்ன செய்கிறீர்கள், கடந்த வருடம் எத்தனை பேருக்கு, எங்கள் பணம் எதற்கு, இல்லையென்றால் என்ன நடக்கும். தமிழிலோ மலாயிலோ எழுதலாம் என்று சொல்லுங்கள். பெரிய அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. நல்ல வேலை செய்யும் சின்ன இல்லத்து அம்மாவுக்கு இருக்காது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிளாஸ்டிக் கோப்போடு வந்து காசு கேட்கிறவர்களின் பெயரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பொது இடத்தில் வசூலிக்க, வீட்டுக்கு வீடு மற்றும் தெரு வசூல் சட்டம் 1947இன் கீழ் போலீஸ் அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டாலே பலர் நகர்ந்துவிடுவார்கள்.

7. காகிதங்களைப் பாருங்கள்

நேரில் போவதற்கு முன் காகிதம். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் காகிதத்தில் ஓட்டை தெரிந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளாது.

பதிவு: சங்கம் என்றால் சங்கங்கள் சட்டம் 1966இன் கீழ் ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவு இலாகா) பதிவு இருக்கும். பதிவுச் சான்றிதழ் பழையதாக இருக்கலாம், அதனால் அதை மட்டும் பார்த்தால் போதாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். கடைசியாக எந்த வருடம் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் பதிந்த நிறுவனம் என்றால், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமா (லாபத்தைப் பிரித்துக்கொள்ளாத வகையா) என்று பாருங்கள். சிலர் "எண்டர்பிரைஸ்" என்று முடியும் தாளைக் காட்டுவார்கள். அது தனியாரின் வியாபாரப் பதிவு, தரும அமைப்பு இல்லை.

இல்லம் என்றால் பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993. நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கிப் பராமரிக்கப்படும் இடத்துக்குச் சமூகநல இலாகாவின் பதிவு வேண்டும். சபை நடத்தும் இல்லத்துக்கும் இதே சட்டம்தான். சான்றிதழில் காலாவதித் தேதியையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் படியுங்கள். இருபது பேருக்கு அனுமதி வாங்கி முப்பத்தைந்து பேரை வைத்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

வங்கி: கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று: பணம் செலுத்த அவர்கள் தரும் டுவிட்நவ் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, பணம் அனுப்பாமல், திரையில் வரும் பெயரை மட்டும் பாருங்கள். சங்கத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு ஆளின் பெயர் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

வரி: நன்கொடைக்கு வரி விலக்கு கிடைக்க வழிசெய்யும், வருமான வரிச் சட்டம் 1967இன் பிரிவு 44(6) ஒப்புதலைப் பெற்ற அமைப்புகளின் பட்டியல் வரி வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஒப்புதல் இல்லாததாலேயே ஒரு அமைப்பு மோசம் என்று ஆகாது. சின்ன அமைப்புகள் பல விண்ணப்பிப்பதே இல்லை. உறுப்பினர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள். சபை மொத்தமாக அனுப்பினால் ரசீது சபையின் பெயரில் வரும், தனியாருக்கு விலக்கு கிடைக்காது. வரி விலக்கு வேண்டுகிறவர் அந்த அமைப்புக்கு நேரடியாகக் கொடுக்கட்டும். அதற்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு.

8. கணக்கைப் படிக்கும் விதம்

நிறையப் பேர் "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். அது போதாது, சில நேரம் தப்பான பக்கம் கொண்டுபோகும். முதியோர் இல்லத்தில் சம்பளம்தான் சேவை. இரவில் விழித்திருக்க ஆள் இல்லாமல் சம்பளச் செலவைக் குறைத்துக் காட்டும் இல்லத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

நான்கு வரிகளைத் தேடுங்கள். முதலாவது வாடகை. வருடத்துக்கு 120,000 வெள்ளி வரவுள்ள இல்லம் மாதம் 2,500 வாடகை கட்டினால், வரவில் கால்வாசி வீட்டுக்காரருக்குப் போகிறது. அந்த வீட்டுக்காரர் யார்? தலைவரே என்றால், அக்கம்பக்கத்து வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள். இரண்டாவது "இதர செலவு". அது பெரிதாக இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, நிர்வாகிகளுக்குக் கொடுத்த கடன் அல்லது அவர்களிடம் வாங்கிய கடன். நான்காவது கையிருப்பு. மூன்று மாதச் செலவுக்கும் குறைவாக இருந்தால் உங்கள் உதவி அவசரம். மூன்று வருடத்துக்குப் போதுமானது இருந்தால் உங்கள் 600 வெள்ளி அங்கே தேவையே இல்லை, வேறு இடம் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், "வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது, கணக்கு கேட்கலாமா?" என்பார். அந்த வசனம் கொடுக்கிறவரின் பெருமையைப் பற்றியது. 2 கொரிந்தியர் 8இல் பவுல் காணிக்கையைக் கொண்டுபோக தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்புகிறார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு. அதை வாசித்துக் காட்டுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

9. நேரில் போங்கள்

இரண்டு பேர், வார நாளில், மாலை நான்கு மணிக்கு. பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்திருப்பார்கள், ராத்திரிச் சமையல் ஆரம்பித்திருக்கும். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் வந்த மாதிரி எட்டிப் பாருங்கள். பேருந்து வைத்து ஐம்பது பேர் போவது சரிபார்ப்பு ஆகாது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நடனம் ஆடச் சொன்னால், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். படமும் எடுக்காதீர்கள்.

சாமான் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டிய பீஹூன், பிஸ்கட், மைலோ சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கீழே இருக்கும் பாக்கெட்டின் தேதியைத் திருப்பிப் பாருங்கள். அதே அறையில் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் ஒரு மூலையில் அரைப் பாக்கெட் கிடக்கும். அந்த இல்லத்துக்கு என்ன கொடுக்கக்கூடாது, என்ன கொடுக்க வேண்டும் இரண்டும் அங்கேயே தெரிந்துவிடும்.

தீயணைப்புச் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் போம்பா (தீயணைப்புத் துறை) ஸ்டிக்கரின் தேதி, சன்னல் கம்பி, ராத்திரி வெளிக்கதவுப் பூட்டின் சாவி எங்கே தொங்குகிறது, மூன்றையும் விடாதீர்கள். 2017இல் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி தீப்பிடித்தபோது சன்னல்களில் கம்பி இருந்தது. 23 பேர் இறந்தார்கள். மருந்துப் பெட்டியில் ஒவ்வொருவர் பெயரும் ஒட்டியிருக்கிறதா, பையன்களும் பெண்பிள்ளைகளும் தனித்தனியாகத் தூங்குகிறார்களா, வெளி ஆண்களைப் பிள்ளைகளோடு தனியாக இருக்க விடுகிறார்களா என்றும் பாருங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் கமிட்டிக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999க்கு அழையுங்கள்.

அலுவலக அறையில் தலைவர் சொல்வதைவிடச் சமையல்கார அக்கா சொல்வது உபயோகமாக இருக்கும். "சம்பளம் தேதிக்கு வருதாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

10. முடிவெடுக்கும் கூட்டம்

ஐந்து பேரும் ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு வர வேண்டும். கூட்டத்தில் போட்டால் முதலில் பேசுகிறவரின் எண்ணைத்தான் மற்றவர்களும் போடுவார்கள். கூட்டல் தொகையை வைத்து வெற்றி தோல்வி சொல்லாதீர்கள்; ஒருவர் 9, இன்னொருவர் 3 போட்ட இடத்தில் நிறுத்திப் பேசத்தான் அந்த மதிப்பெண். முடிவையும் காரணத்தையும் மினிட்டில் எழுதி, சபைச் செயற்குழுவின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள்.

11. கடிதம், அப்புறம் பணம்

எவ்வளவு, எதற்கு, எந்த மாதம் வரை என்று ஒரு பக்கக் கடிதம், இரண்டு தரப்பின் கையெழுத்தும். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுங்கள். பிப்ரவரி, மார்ச் தவணையை விட்டுவிடாதீர்கள். பண்டிகைத் தானம் எல்லாம் வற்றிப்போய் இல்லங்கள் தவிக்கும் மாதங்கள் அவை. ரொக்கம் கூடவே கூடாது. வங்கி வழியாக, இரண்டு பேரின் ஒப்புதலோடு, ரசீது வாங்கி.

அறிக்கையை அரைப் பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள். மாதம் 600 வெள்ளிக்குப் பத்துப் பக்க அறிக்கை கேட்டால் பராமரிப்பாளர்தான் உட்கார்ந்து எழுதுவார், முதியவரைக் குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில்.

12. இல்லை என்று சொல்வதும், நிறுத்துவதும்

தேர்வாகாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று மழுப்பாதீர்கள். அவர்கள் அதை நம்பிச் செலவுத் திட்டம் போடுவார்கள். தேவை வேறு, ஆவணம் போதவில்லை, தொகை தீர்ந்தது என்று எது உண்மையோ அதை ஒரு வரியில் எழுதுங்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும் பழைய அமைப்புகளையும் புதிதாகப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் தானாக நீளக்கூடாது. நீண்டால் அது பழக்கமாகி, அப்புறம் உரிமையாகிவிடும். நிறுத்துவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள், கடைசித் தவணையைப் பாதியாகக் குறைத்து முடியுங்கள். பண மோசடியோ பிள்ளைகளுக்குத் தீங்கோ என்றால் மட்டும் அன்றே நிறுத்தலாம்.

அவசரத்துக்கு ஒதுக்கிய 2,400 வெள்ளியை யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்பதையும் முடிவெடுக்கும் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள். பொருளாளரும் கமிட்டித் தலைவரும் கைப்பேசியில் பேசி 500 வெள்ளி வரை உடனே கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் மூன்று பேரின் சம்மதம் வேண்டும், ஒரு வாரத்துக்குள் மினிட்டில் ஏற வேண்டும். வருடக் கடைசியில் மிச்சம் இருந்தால் அடுத்த வருட அவசரப் பையிலேயே போடுங்கள்.